இதயத் தசைக்குள்ளே ஒரு சோடியக் கணக்கு: டிகாக்சின் சாப்பிடுவோர் வீட்டில் தெரிந்திருக்க வேண்டியவை

"வாரத்துல அஞ்சு நாள் போடுங்க, சனி ஞாயிறு விட்டுடுங்க." இப்படிச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுக்கும் இதய மாத்திரை ஒன்று உண்டு. அதன் பெயர் டிகாக்சின். உங்கள் வீட்டில் அப்பாவோ, அத்தையோ, பாட்டியோ இந்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். சிலருக்கு வாரம் ஐந்து நாள், சிலருக்குத் தினமும் அரை மாத்திரை என்று அளவு ஆளுக்கு ஆள் மாறும்.

பிரஷர் மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது என்கிறார்கள். இதற்கு மட்டும் ஏன் இந்த அளந்து கொடுக்கும் கணக்கு? "லீவு நாள்ல மாத்திரை இல்லாம இதயம் எப்படிங்க ஓடும்?" என்று பயந்து, இரண்டு நாளும் சேர்த்துக் கொடுத்துவிடுகிற வீடுகளும் இருக்கின்றன. ஆபத்து தொடங்குவது அங்கேதான்.

இதற்கான பதில் இதயத் தசையின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கும் சோடியத்தின் அளவில் இருக்கிறது. அந்த அளவு கொஞ்சம் கூடினால் இதயம் பலமாகச் சுருங்கும். இன்னும் கொஞ்சம் கூடினால் துடிப்பே தடம் மாறிவிடும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ரொம்பக் குறுகியது. அது எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

ஒரு துடிப்புக்குள் என்ன நடக்கிறது?

நம் இதயம் ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பும் ஒரு சின்ன மின் சைகையில் தொடங்குகிறது. சைகை வந்ததும் செல்லின் சுவரில் உள்ள சோடியக் கதவுகள் கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாகத் திறந்து மூடுகின்றன. கொஞ்சம் சோடியம் உள்ளே வருகிறது. அதைத் தொடர்ந்து கால்சியக் கதவுகள் திறந்து, கொஞ்சம் கால்சியமும் வருகிறது.

செல்லுக்குள்ளேயே கால்சியத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு கிடங்கு இருக்கிறது. வெளியிலிருந்து வந்த கால்சியம் அந்தக் கிடங்கைத் தட்டித் திறக்கிறது. உள்ளே இருந்த சரக்கு கொட்டுகிறது. ஓய்வில் இருக்கும்போது இருந்த கால்சியத்தைப் போல ஏறக்குறைய 10 மடங்கு ஒரு நொடிப்பொழுதில் நிறைகிறது. அது தசை இழைகளில் போய் ஒட்ட, இழைகள் ஒன்றுக்குள் ஒன்று சறுக்கிச் சுருங்குகின்றன. இதயம் ரத்தத்தைத் தள்ளுகிறது. பிறகு கால்சியத்தில் பெரும்பகுதி கிடங்குக்குத் திரும்புகிறது, மீதி செல்லுக்கு வெளியே போகிறது. தசை தளர்கிறது. இதுதான் ஒரு துடிப்பு.

ஆக, சுருக்கத்தின் பலத்தை முடிவு செய்வது கால்சியம். இதைக் கண்டறிந்தவர் லண்டனில் இருந்த சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர். தவளை இதயத்தை உப்புக் கரைசலில் வைத்துத் துடிக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வடிகட்டிய தூய நீரில் கலக்க வேண்டிய கரைசலை, அவருக்குத் தெரியாமலே சாதாரணக் குழாய்த் தண்ணீரில் கலந்திருந்தார்கள். இதயம் நன்றாகவே துடித்தது. தூய நீருக்கு மாற்றியதும் கொஞ்ச நேரத்தில் நின்றுபோனது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் வித்தியாசம் என்பதை அவர் 1883-ல் எழுதினார். மருத்துவமனைகளில் இன்று ஏற்றும் 'ரிங்கர் லாக்டேட்' பாட்டிலில் இருப்பது அவருடைய பெயர்தான்.

சரி, வேலை செய்வது கால்சியம் என்றால் சோடியத்துக்கு இங்கே என்ன வேலை?

மேட்டு வாய்க்காலும் பள்ளத்து வயலும்

ஒரு வயலை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் உயரமான வாய்க்கால், அதில் நிறையத் தண்ணீர். வயல் பள்ளத்தில் இருக்கிறது. வாய்க்காலிலிருந்து தண்ணீர் எப்போதும் வயலுக்குள் இறங்கப் பார்க்கும்.

இதயச் செல்லில் அந்தத் தண்ணீர்தான் சோடியம். செல்லுக்கு வெளியே, ரத்தத்திலும் திசு நீரிலும், ஒரு லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல் சோடியம் இருக்கிறது. செல்லுக்கு உள்ளே சுமார் 10 மட்டுமே. இவ்வளவு பெரிய மேடு பள்ளம் இருப்பதால் சோடியம் உள்ளே விழத் துடித்துக்கொண்டே இருக்கும்.

செல்லின் சுவரில் இதற்கு இரண்டு ஏற்பாடுகள் உண்டு.

முதலாவது, பம்ப். வயலுக்குள் வந்த தண்ணீரை மோட்டார் போட்டு இறைப்பது மாதிரி, இது சோடியத்தை வெளியே இறைத்துக்கொண்டே இருக்கிறது. ஒரு சுற்றில் 3 சோடியம் வெளியே, 2 பொட்டாசியம் உள்ளே. மோட்டாருக்கு மின்சாரம் மாதிரி இதற்கு ஏ.டி.பி. என்ற எரிபொருள் வேண்டும். டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கோ 1957-ல் நண்டின் நரம்புகளில் இதைக் கண்டுபிடித்தார். 40 ஆண்டு கழித்து, 1997-ல், வேதியியல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது.

இரண்டாவது, சுழல் கதவு. இதைச் சோடியம்–கால்சியம் பரிமாற்றி என்பார்கள். 1968-ல் ராய்ட்டர், சைட்ஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் இதயத் தசையில் இதை விவரித்தார்கள். இதற்குத் தனியாக மோட்டார் கிடையாது. வாய்க்காலிலிருந்து விழும் தண்ணீர் ஒரு சக்கரத்தைச் சுற்ற, அந்தச் சக்கரம் வயலில் இருக்கும் வேறொரு பொருளை மேலே ஏற்றி வெளியே போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே 3 சோடியம் உள்ளே விழும் வேகத்தில் 1 கால்சியம் வெளியே போகிறது.

இப்போது முக்கியமான இடம். வயலில் தண்ணீர் மட்டம் ஏறிவிட்டால் என்ன ஆகும்? மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள வித்தியாசம் குறையும். விழும் வேகம் குறையும். சக்கரம் மெதுவாகச் சுற்றும். வெளியே போக வேண்டிய கால்சியம் உள்ளேயே தங்கும். தங்கிய கால்சியம் கிடங்கில் போய்ச் சேரும். அடுத்த துடிப்பில் கிடங்கு திறக்கும்போது கூடுதல் கால்சியம் கொட்டும். சுருக்கம் பலமாக இருக்கும்.

செல்லுக்குள் சோடியம் கூடினால் கால்சியம் தங்கும், கால்சியம் தங்கினால் இதயம் பலமாகச் சுருங்கும். விஷயம் அவ்வளவுதான்.

பத்தில் ஒன்று கூடினாலே போதும்

எவ்வளவு சோடியம் கூடினால் வித்தியாசம் தெரியும்? ரொம்பக் கொஞ்சம் போதும். மூன்று சோடியம் சேர்ந்து ஒரு கால்சியத்தைத் தள்ளுவதால், கணக்கிலும் மூன்று முறை பெருக்க வேண்டும். செல்லுக்குள் சோடியம் 10-லிருந்து 11 ஆகிறது என்று வையுங்கள், அதாவது 1.1 மடங்கு. 1.1 × 1.1 × 1.1 என்று பெருக்கினால் சுமார் 1.33. மற்றவை எதுவும் மாறாமல் கதவு சமநிலைக்கு வந்தால், கால்சியம் மூன்றில் ஒரு பங்கு கூடும். உயிருள்ள செல்லில் கணக்கு இத்தனை துல்லியமாக இருக்காது. ஆனாலும் சோடியத்தில் சின்ன அசைவு, கால்சியத்தில் பெரிய அசைவு என்பது மாறாது.

இந்த ஏற்பாட்டை இதயம் இயல்பாகவே பயன்படுத்துகிறது. படி ஏறும்போது இதயம் வேகமாகத் துடிக்கிறது இல்லையா? நிமிடத்துக்குத் துடிப்பு கூடக் கூட, ஒவ்வொரு துடிப்பிலும் வரும் சோடியமும் கால்சியமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கின்றன. பம்ப் உடனே இறைத்து முடிக்க முடிவதில்லை. அதனால் துடிப்பு வேகமாவதோடு ஒவ்வொரு சுருக்கமும் பலமாகவும் ஆகிறது. ஹென்றி பவ்டிச் என்பவர் 1871-லேயே ஜெர்மனியின் லைப்சிக் நகரில் தவளை இதயத்தில் இதைப் பார்த்துப் பதிவு செய்தார். அவர் வரைந்த கோடுகள் படிக்கட்டு மாதிரி ஏறிக்கொண்டே போனதால் அதற்குப் 'படிக்கட்டு விளைவு' என்றே பெயர் வந்தது.

டிகாக்சின் எங்கே கை வைக்கிறது?

இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்ற மருத்துவர் 1785-ல் ஒரு புத்தகம் எழுதினார். உடம்பெல்லாம் நீர் கோத்து வீங்கியவர்களுக்கு ஷ்ராப்ஷையர் பகுதி மூதாட்டி ஒருவர் ரகசியமாக வைத்திருந்த குடும்ப மருந்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, அதில் இருந்த பல மூலிகைகளில் வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ் என்ற பூச்செடிதான் என்று அவர் பிரித்து அறிந்தார். எவ்வளவு கொடுத்தால் குணம், எவ்வளவு கொடுத்தால் வாந்தியும் மயக்கமும் என்பதையும் நோயாளி வாரியாக எழுதி வைத்தார். அந்தச் செடியின் உறவான இன்னொரு செடியிலிருந்து 1930-ல் டிகாக்சின் பிரித்தெடுக்கப்பட்டது.

டிகாக்சின் போய் உட்காரும் இடம் நாம் மேலே பார்த்த பம்ப். பம்ப் முழுக்க நிற்பதில்லை, சிலவற்றின் வேலை மட்டும் தடைபடுகிறது. இறைப்பது குறைவதால் செல்லுக்குள் சோடியம் லேசாக ஏறுகிறது. சுழல் கதவு மெதுவாகிறது. கால்சியம் தங்குகிறது. தளர்ந்துபோன இதயம் கொஞ்சம் பலமாகச் சுருங்குகிறது. மருந்து கால்சியத்தை நேரடியாகத் தொடுவதே இல்லை, சோடியத்தின் வழியாகத்தான் எல்லாம் நடக்கிறது.

இதோடு, நரம்பு வழியாக இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் வேலையையும் டிகாக்சின் செய்கிறது. மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற பிரச்சினை உள்ளவர்களுக்கு இதைக் கொடுப்பது அதற்காகத்தான்.

இந்த மருந்து எவ்வளவு பயன் தருகிறது என்று 6,800 இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 1997-ல் வெளியான அதன் முடிவு: டிகாக்சின் சாப்பிட்டவர்கள் இதயப் பிரச்சினைக்காக ஆஸ்பத்திரியில் சேர்வது குறைந்தது. ஆனால் ஆயுள் கூடவில்லை. அதனால்தான் இன்று டாக்டர்கள் இதை முதல் மருந்தாகக் கொடுப்பதில்லை. மற்ற மருந்துகளோடு, தேவைப்படுபவர்களுக்கு மட்டும், சிறிய அளவில் சேர்க்கிறார்கள்.

எல்லை தாண்டினால்

கிடங்கு கொள்ளும் அளவுக்கு மேல் கால்சியம் சேர்ந்தால், துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே, யாரும் தட்டாமலே கிடங்கு ஒழுக ஆரம்பிக்கும். ஒழுகிய கால்சியத்தை அதே சுழல் கதவு வெளியேற்றப் பார்க்கும். ஒரு கால்சியத்தை வெளியே அனுப்ப மூன்று சோடியம் உள்ளே வர வேண்டும். கால்சியத்தின் மின்சுமை இரண்டு, மூன்று சோடியத்தின் சுமை மூன்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மின்சுமை உள்ளே மிச்சமாகும். அந்த மிச்சம் சேர்ந்தால் நேரம் கெட்ட நேரத்தில் ஒரு மின் சைகை கிளம்பும். இதயம் வேண்டாத துடிப்பு துடிக்கும். அது தொடர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

பலம் கொடுக்கும் அதே வழிதான் ஆபத்துக்கும் வழி என்பதால் டிகாக்சினில் இடைவெளி மிகக் குறைவு. இதயச் செயலிழப்புக்கு ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 முதல் 0.9 நானோகிராம் வரை இருந்தால் போதும் என்கிறார்கள். 2-ஐத் தாண்டினால் நச்சுத்தன்மை வரும் வாய்ப்பு அதிகம். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கே, உடம்பில் இருக்கும் மருந்தில் பாதி வெளியேற சுமார் ஒன்றரை நாள் ஆகும். 'லீவு நாள்' விட்டாலும் மருந்து உடம்பில் இருந்துகொண்டுதான் இருக்கும். அதனால்தான் அதை ஈடுகட்டக் கூடாது.

அளவு சரியாக இருந்தும் ஆபத்து வரக்கூடிய சூழ்நிலைகள் உண்டு:

- வயிற்றுப்போக்கும் வாந்தியும். பம்பில் டிகாக்சினும் பொட்டாசியமும் ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன. பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சின் அதிகமாக ஒட்டும். பேதியில் பொட்டாசியம் போகும். உடம்பில் நீர் வற்றினால் சிறுநீரகமும் மருந்தை வெளியேற்றாது. இரண்டு பக்கமும் அடி.
- நீர் மாத்திரை. ஃப்யூரோசெமைடு போன்ற, சிறுநீர் பிரியக் கொடுக்கும் மாத்திரைகள் பொட்டாசியத்தைக் குறைக்கும். டாக்டர் சொல்லும்போதெல்லாம் ரத்தத்தில் பொட்டாசியம் பார்ப்பது கட்டாயம்.
- சிறுநீரகக் கோளாறும் வயதும். மருந்து வெளியேறும் வழி சிறுநீரகம். அது தளர்ந்தால் பழைய அளவே அதிகமாகிவிடும்.
- கூடச் சேரும் மருந்துகள். அமியோடரோன், வெரபமில் போன்ற இதய மருந்துகளும், குளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் ரத்தத்தில் டிகாக்சினைக் கூட்டும். சளி, காய்ச்சலுக்கு வேறு டாக்டரிடம் போனாலும் "டிகாக்சின் சாப்பிடறேன்" என்று முதலிலேயே சொல்லுங்க.
- அதிமதுரம். இருமலுக்கு என்று நாள் கணக்கில் அதிகமாகச் சாப்பிட்டால் இதுவும் பொட்டாசியத்தைக் குறைக்கும்.

எச்சரிக்கை அடையாளங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்க: திடீரென்று பசியே இல்லாமல் போவது, குமட்டல், வாந்தி, அசதி, குழப்பம், பார்வை மங்குவது, பொருள்கள் மஞ்சளாகத் தெரிவது, நாடி ரொம்ப மெதுவாக அல்லது ஒழுங்கில்லாமல் ஓடுவது. பெரியவர்களுக்கு "வயசாச்சு, சாப்பாடு பிடிக்கலை" என்று வீட்டில் விட்டுவிடுவது உண்டு. டிகாக்சின் சாப்பிடுபவர் சாப்பாடு வேண்டாம் என்றால் அதை அலட்சியம் பண்ணாதீங்க.

நம்ம ஊர் அரளியும் இதே குடும்பம்தான்

ஃபாக்ஸ்குளோவ் நமக்குத் தூரத்துச் செடி. ஆனால் அதே பம்பைத் தடுக்கும் பொருள்கள் நம் வாசலிலேயே இருக்கின்றன. நெடுஞ்சாலை நடுவில் வரிசையாகப் பூத்து நிற்கும் சிவப்பு அரளியிலும், வேலி ஓரத்து மஞ்சள் அரளியிலும் டிகாக்சினின் உறவுப் பொருள்கள் உள்ளன. செடியின் எல்லாப் பகுதியிலும் நச்சு உண்டு. மாத்திரையில் மருந்து அளந்து வைக்கப்பட்டிருக்கிறது, செடியில் அளவே கிடையாது. பம்ப் பெருமளவு நின்றுபோகும்போது இதயம் என்ன ஆகும் என்பதை மேலே படித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியம் 2024 மே மாதம் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைச் சேர்ப்பதை நிறுத்தியது. வீட்டிலும் இதைப் பின்பற்றலாம். பூஜைக்கு அரளி வைக்கலாம், வாய்க்குப் போகும் எதிலும் சேரக்கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் காய் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்க. அரளி இலை, வேர், காய் எதையும் நாட்டு வைத்தியமாக உள்ளுக்குக் கொடுக்காதீங்க.

யாராவது தவறுதலாக வாயில் போட்டுவிட்டால், ஆள் நன்றாகத் தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். உடனே 108-க்கு அழையுங்க. உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. இளநீரும் வேண்டாம், அதில் பொட்டாசியம் அதிகம், இந்த நச்சில் ரத்தப் பொட்டாசியம் ஏற்கெனவே ஏறியிருக்கலாம். ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி.யைத் தொடர்ந்து கவனித்துச் சிகிச்சை தருவார்கள். டிகாக்சினுக்கு எதிரான முறிவு மருந்து மஞ்சள் அரளி நச்சிலும் இதயத் துடிப்பைச் சீராக்குகிறது என்பதை இலங்கையில் நடந்து 2000-ல் வெளியான ஆய்வு காட்டியது. நேரத்தோடு வந்தால் காப்பாற்ற வழி உண்டு.

மனம் உடைந்து, வாழ்க்கை வேண்டாம் என்ற எண்ணத்தில் இருப்பவர் உங்கள் வீட்டிலோ பக்கத்திலோ இருந்தால் தனியாக விடாதீங்க. 104-லும், டெலி மானஸ் எண் 14416-லும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அந்த ஒரு போன் ஒரு உயிரைக் காப்பாற்றலாம்.

அப்போ உப்பைக் கூட்டினால் இதயம் பலமாகுமா?

இதைப் படிக்கிற பலருக்கும் இந்தச் சந்தேகம் வரும். இல்லீங்க, ஆகாது. சாப்பாட்டு உப்பில் இருக்கும் சோடியம் ரத்தத்துக்கு வருகிறது. செல்லுக்குள் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைப் பம்பும் கதவுகளும்தான் தீர்மானிக்கின்றன. உப்பு அதிகமானால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்த அழுத்தம் ஏறும், ஏற்கெனவே தளர்ந்த இதயத்துக்குச் சுமை கூடும், கால் வீங்கும், மூச்சு வாங்கும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் கீழே. ஊறுகாய், அப்பளம், கருவாடு, பாக்கெட் நொறுக்குத்தீனி எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

'சோடியம் குறைந்த உப்பு' என்று கடையில் விற்பதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதற்கு மாறாதீங்க.

மாரடைப்பிலும் செயலிழப்பிலும் சோடியம்

மாரடைப்பில் ரத்தக் குழாய் அடைபட்டதும் செல்லுக்கு ஆக்சிஜன் இல்லை, ஏ.டி.பி. குறைகிறது, பம்ப் தளர்கிறது. செல்லுக்குள் அமிலம் சேர, அதை வெளியேற்றும் இன்னொரு கதவு பதிலுக்குச் சோடியத்தை உள்ளே விடுகிறது. சோடியம் குவிந்தால் பின்னாலேயே கால்சியமும் குவியும். சோடியமும் கால்சியமும் கட்டுப்பாடில்லாமல் குவிவது செல் சாவதற்கு ஒரு காரணம். நெஞ்சு வலி என்றால் "கேஸா இருக்கும், காலையில பார்க்கலாம்" என்று தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டியதில்லை. ஒவ்வொரு நிமிடமும் பம்புகள் நின்றுகொண்டிருக்கும்.

நாள்பட்ட இதயச் செயலிழப்பிலும், ஆராய்ந்து பார்த்த மனித இதயச் செல்களில் சோடியம் வழக்கத்தைவிட அதிகமாகவே இருந்தது. பவ்டிச் பார்த்த படிக்கட்டு இவர்களிடம் தலைகீழாகிவிடுகிறது. துடிப்பு வேகமானால் சுருக்கம் பலமாவதற்குப் பதில் பலவீனமாகிறது. நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். சர்க்கரை நோய்க்காக வந்து, இப்போது இதயச் செயலிழப்புக்கும் கொடுக்கப்படும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகள் செல்லுக்குள் சோடியத்தைக் குறைக்கின்றனவா என்று ஆய்வகங்களில் விவாதம் நடக்கிறது. சில ஆய்வுகள் ஆம் என்கின்றன, சில இல்லை என்கின்றன. மருந்துகளின் பயன் நோயாளிகளிடம் உறுதியாகியிருக்கிறது. அது எந்த வழியில் என்பதுதான் கேள்வி.

கையில் இருக்கும் போனை இதற்கும் பயன்படுத்துங்க

- மாத்திரை நாள்களுக்கு மட்டும் போனில் அலாரம் வையுங்க. சனி, ஞாயிறு இல்லை என்றால் அலாரமும் அப்படியே இருக்கட்டும்.
- ஒரு வேளை மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடாதீங்க.
- காலையில் மாத்திரைக்கு முன் மணிக்கட்டில் நாடி பிடித்து, போன் ஸ்டாப்வாட்சில் முழு 60 நொடி எண்ணுங்க. 60-க்குக் கீழே இருந்தால் மாத்திரையைப் போடுவதற்கு முன் டாக்டரிடமோ செவிலியரிடமோ கேளுங்க. துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்குக் கேமராவில் விரல் வைத்துப் பார்க்கும் செயலிகளை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.
- மருந்துச் சீட்டு, மாத்திரை அட்டை, கடைசி ரத்தப் பரிசோதனை மூன்றையும் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு வையுங்க. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கும்.
- போனின் அவசரத் தகவல் பகுதியில் "டிகாக்சின் எடுத்துக்கொள்கிறார்" என்று எழுதுங்க. போன் பூட்டியிருந்தாலும் ஆம்புலன்ஸ் ஊழியர் அதைப் பார்க்க முடியும்.
- டிகாக்சின் அளவு பார்க்க ரத்தம் கொடுக்கும் நாளில், மாத்திரை போட்டு 6 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்க.
- பேதி, வாந்தி வந்தால் அன்றே அழைத்துக் கேளுங்க. தானாக நிறுத்தவும் வேண்டாம், தானாகத் தொடரவும் வேண்டாம்.

யாரை அழைப்பது?

நெஞ்சு வலி, மயக்கம், நாடி தடுமாற்றம், நச்சு உட்கொண்ட சந்தேகம் – 108 ஆம்புலன்ஸ். மருந்து பற்றிய சந்தேகம், உடல்நல ஆலோசனை – 104. மனநல ஆலோசனை – 14416. மூன்றும் கட்டணமில்லாத எண்கள். உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்காக 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து மருந்து தரும் களப்பணியாளரிடம், வீட்டில் டிகாக்சின் சாப்பிடுபவர் இருப்பதையும் சொல்லி வையுங்க. அடுத்த முறை வரும்போது நாடியையும் பசியையும் அவரும் விசாரிப்பார்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்க: "எங்களுக்கு இன்னும் இந்த மாத்திரை தேவையா? சிறுநீரகமும் பொட்டாசியமும் கடைசியாக எப்போது பார்த்தோம்? அடுத்து எப்போது பார்க்கணும்?" இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்த வீட்டில் டிகாக்சின் நல்ல மருந்து.